சிவப்புக் கோடு

கேரள எல்லையில இருக்கற எங்க கொழிஞ்சாம்பாறையில கரண்ட் போறதுக்குள்ள அனுப்பிரணும்னு ஆன்லைன் இங்கிலீஷ் கோர்ஸ் அசைன்மென்ட்ட அவசரமா எழுதுனேன், திரும்பி வந்தப்ப பக்கம் பூரா சிவப்பு. 'எஸ்டர்டே ஐ ஹேவ் கான் டு பாலக்காடு'ங்கறத மிஸ் அடிச்சு 'வென்ட்'னு மாத்தியிருந்தாங்க, நானும் அக்செப்ட் அமுக்கிட்டு அடுத்த வாரம் அதே தப்ப அச்சு பிசகாம செஞ்சேன். மாணவங்க எழுதுறதுல இலக்கணத் திருத்தமே வேண்டாம்னு 1996ல ட்ரஸ்காட்ங்கற மொழிக்கல்வி ஆய்வாளர் எழுத, அது அவசர முடிவுன்னு 1999ல ஃபெர்ரிஸ்ங்கற இன்னொரு ஆய்வாளர் மறுத்தாங்க. நான் ஃபெர்ரிஸ் கட்சி. ஏன்னா அப்புறம் மிஸ் திருத்தாம வெறும் கோடு போட்டு ஓரத்துல 'டென்ஸ்'னு மட்டும் எழுதுனாங்க, அரைமணி நேரம் மண்டைய பிச்சுக்கிட்டு, நேத்துன்னு சொல்லிட்டா 'ஹேவ்' வராதுன்னு நானே புடிச்சேன். ஆனா 'தி'ங்கற ஆர்ட்டிகிள் எங்க வரும்கறதுக்கு வெறும் கோடு பத்தாது மிஸ், அப்படி ஒண்ணு தமிழ்லயும் கெடையாது, பக்கத்து வீட்டு மலையாளத்துலயும் கெடையாது, நேரா சொல்லிருங்க.