முடித்தவர்கள் பட்டியல்

“அப்போ எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு எழுதிக்கோ கண்ணு.”

வயதானவர்களுக்குப் போன் பழக்கும் எங்கள் ஆன்லைன் வகுப்புக்கு வந்த அந்த அம்மா சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று அவர் கேமராவே போடவில்லை. சிரித்தாரா இல்லையா என்று நான் எங்கே கண்டேன்?

நான் செய்ததில் தப்பில்லை. எங்கள் வகுப்பு ஓடுவது ஜூமின் இலவசக் கணக்கில். 40 நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு 5 நிமிடம். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். கற்றுக்கொண்டவரை அனுப்பினால்தானே புது ஆளைச் சேர்க்க முடியும்?

அவர் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார். கேஸ் சிலிண்டர் பதிவு செய்வார், வீடியோ கால் போடுவார். பென்ஷனுக்கான லைஃப் சர்டிபிகேட்டைக்கூட போனிலேயே கொடுத்துவிட்டார். 2014-இல் அந்தச் சர்டிபிகேட்டை டிஜிட்டலாகக் கொடுக்கும் ஜீவன் பிரமாண் வந்தபோது கைரேகையோ கருவிழியோ பதிய வேண்டும். வயதானவர்கள் பலருக்கு ரேகை தேய்ந்து கருவி ஏற்காது. 2021-இல்தான் முகத்தைக் காட்டினால் போதும் என்றானது. எவர்சில்வர் சம்படத்தில் போனைச் சாய்த்து, வெளிச்சத்துக்காக நாற்காலியை மூன்று தடவை நகர்த்தி, கண்ணைச் சிமிட்டச் சொன்னதும் பயத்தில் இறுக மூடிக்கொண்டதை மறுவாரம் அவரே நடித்துக் காட்டினார். எல்லோரும் அப்படிச் சிரித்தோம். என் கணக்கில் அன்று வீணானது 7 நிமிடம்.

அதற்கப்புறம் மூன்று வாரமும் ஒரே கேள்விதான். “மியூட்டை எப்படி எடுக்கறது, மறந்துபோச்சே?” மியூட்டை எடுத்துவிட்டுத்தான் கேட்டார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒருவேளை புரிந்துதான் இருந்ததோ என்னவோ. நாலாவது வாரம், “நீங்க எல்லாம் கத்துக்கிட்டீங்கம்மா, இனிமே வகுப்பு தேவையில்லை” என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

“எப்ப வேணும்னாலும் போன் பண்ணுங்கம்மா.”

“உனக்கு ஆயிரம் வேலை இருக்கும்.”

பிறகு, பாடமே இல்லாமல் சும்மா பேசுவதற்கென்று ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்தோம். இரண்டு பேர்தான் வந்தார்கள். “சும்மா பேசறதுக்கு எதுக்குங்க வகுப்பு?” என்று ஒருவர் கேட்டார். தனியாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள் போல. பாடம் என்று ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் எட்டு இடத்தில் ஒன்றை அவருக்கே விட்டிருக்கலாமா? காத்திருந்த பதினோரு பேரிலும் இதே மாதிரி யாராவது இருந்திருப்பார்களே.

அந்தப் பேச்சு நாளுக்கு அவரையும் கூப்பிட்டேன், வரவில்லை. கூப்பிட்டேன் என்றால், குரூப்பில் லிங்க் போட்டேன்.