மூன்று குட்டிகள், இரண்டு காம்புகள்

கார்த்திகை மழையில் ஓர் இரவு எங்கள் தலைச்சேரி ஆடு மூன்று குட்டிகளை ஈன்றது. மூன்றும் பெட்டை. தாராபுரம் பக்கத்தில் எங்களுக்குக் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலம், இருந்தும், அதுவரை நான் ஆடு கட்டிப் பழகியவள் அல்ல. வீட்டுக்குப் பால் வேண்டுமென்று இந்த ஆட்டைச் சினையாக வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பசுவுக்கு நான்கு காம்பு, ஆட்டுக்கு இரண்டுதான் என்பது அன்று விடியும்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியவை இரண்டும் ஆளுக்கொரு காம்பைப் பிடித்துக்கொள்ள, ஒன்றரைக் கிலோகூடத் தேறாத மூன்றாவது குட்டி சாக்கின்மேல் சுருண்டு கிடந்தது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா வந்துதான் அதைத் துடைத்துச் சூடேற்றினார். தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் தடவி, சீம்பாலைக் கறந்து புட்டியில் ஊற்றித் தந்தார். பிறந்த சீக்கிரத்திலேயே சீம்பால் உள்ளே போனால்தான் குட்டிக்கு நோயைத் தாங்கும் சக்தி வரும். நானோ குட்டியை மடியில் மல்லாத்தி வைத்துப் புகட்டினேன். புரையேறி மூக்கு வழியாகப் பால் வந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

"கண்ணு, பிள்ளைக்குப் புகட்டுவது போலப் படுக்கவைக்காதே. நிற்கவைத்துக் கொடு, கழுத்து நிமிரட்டும்" என்றார் பெரியம்மா. கழுத்தை நீட்டிச் சப்பும்போது பால் முதல் வயிற்றில் தங்காமல் நேரே நான்காம் வயிற்றுக்குப் போய்ச் செரிக்கிறது என்று கால்நடை மருத்துவர் பிறகு விளக்கினார்.

அதற்குக் கடைக்குட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரண்டாவது வாரத்தில், பசியில் கத்துகிறதே என்று இரக்கப்பட்டு ஒரே வேளையில் புட்டி நிறையக் கொடுத்தேன். மறுநாள் கழிச்சல். நாளொன்றுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக, நான்கு வேளையாகப் பிரித்து, கறந்த சூட்டிலேயே கொடுக்க வேண்டும் என்ற கணக்கை அதன் பிறகுதான் பிடித்துக்கொண்டேன்.

தாயோடு வளர்ந்த இரண்டும் மூன்றாம் வாரத்திலேயே தாயைப் பார்த்து அகத்தித் தழையைக் கொறிக்கத் தொடங்கின. கடைக்குட்டிக்குப் புட்டிதான் உலகம். அதைப் பட்டியில் மற்றவற்றோடு விட்ட பிறகே தழையில் வாய் வைத்தது. புட்டியில் வளர்ப்பவர்கள் குட்டியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். தின்னக் கற்றுக்கொடுக்க இன்னோர் ஆடு வேண்டும்.

இன்னொரு தவறு, விளையாட்டாக அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளியது. குழந்தைகளும் அதையே செய்தார்கள். மூன்று மாதத்தில் அது எல்லோரையும் முட்டத் தொடங்கியது. வளர்ந்த ஆடு முட்டினால் கீழே விழுந்துவிடுவோம். நெற்றியைத் தொடுவதை அடியோடு நிறுத்தி, முட்ட வந்தால் முதுகைக் காட்டி நகர்ந்து, நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டுமே தீவனம் தந்தோம். மறக்க இரண்டு மாதம் பிடித்தது.

மாசியில் பால் மறக்கடித்தோம். மூன்று இரவுகள் தாயும் குட்டிகளும் மாறி மாறிக் கத்தின. பங்குனியில் ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் ஆயிற்று.

கறவைக்குப் பழக்கியதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். முழங்கால் உயரத்தில் ஒரு பலகை மேடை செய்து, நான்காம் மாதத்திலிருந்து கடைக்குட்டியைத் தினமும் அதில் ஏற்றி ஒரு கைப்பிடி வெள்வேலங்காய் வைத்தேன். அது தின்னும்போது முதுகு, வயிறு, தொடை என்று தடவி, கடைசியில் மடி வரும் இடத்தைத் தொடுவேன். குளம்பு நறுக்கியதும் அங்கேயே. அதன் அக்காள் வெள்ளச்சிக்கு இதைச் செய்யவில்லை. அது தாயோடு நன்றாகத்தானே வளர்கிறது என்று விட்டுவிட்டேன்.

பத்து மாதம் கடந்து, எடை இருபது கிலோவைத் தாண்டிய பிறகே இரண்டையும் கிடாயோடு சேர்த்தோம். ஐந்து மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டும் ஈன்றன. கடைக்குட்டி தானே மேடையேறி நின்றது. வெள்ளச்சி முதல் நாள் பாத்திரத்தை உதைத்துக் கவிழ்த்தது. இரண்டாம் நாள் என் மணிக்கட்டை உதைத்தது. பின்னங்காலைப் பெரியம்மா பிடித்துக்கொள்ள, பத்து நாள் போராடினோம். அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மடியில் ஒரு கை படும் என்று அதற்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

புதுக் குட்டிகள் தாயிடமே குடிக்கின்றன. மூன்று வாரம் ஆனதிலிருந்து இரவில் மட்டும் கொடாப்பில், அதாவது குட்டிகளைக் கவிழ்த்து மூடும் பெரிய கூடையில், அடைக்கிறேன். விடியற்காலையில் எங்கள் பங்கைக் கறந்த பிறகு கொடாப்பைத் தூக்குகிறேன். பாய்ந்து ஓடுவதற்குள் ஒவ்வொன்றையும் பிடித்து, தொடையிலிருந்து அடிவயிறு வரை ஒரு முறை தடவிவிட்டுத்தான் விடுகிறேன்.