அம்மாவின் வாட்சும் காலைத் தராசும்

கனடாவில் இருக்கும் தம்பி அம்மாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் அனுப்பியிருக்கிறான். நாடித்துடிப்பு, தூக்கம், நடந்த அடிகள் எல்லாம் காட்டுகிறது. சரி, நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் பழுதாகி, வயிற்றுக்குள் திரவம் விட்டு இரத்தத்தின் கழிவையும் மிஞ்சிய தண்ணீரையும் வடித்தெடுக்கும் வயிற்று டயாலிசிஸ் செய்கிறவருக்கு அதைவிட முக்கியம் எங்கள் நிலாவெளி வீட்டு மூலையில் கிடக்கும் தராசு.

ஒரு நாளைக்கு 4 தடவை, தடவைக்கு 2 லீற்றர் திரவம் உள்ளே போய், சில மணி நேரம் கழித்து வெளியே வடிகிறது. போனதைவிட வந்தது எவ்வளவு கூட, காலையில் நிறை என்ன, பிறஷர் என்ன, இதையெல்லாம் போனில் ஆப்பில் பதிவேன். கிளினிக் நேர்ஸ் அங்கிருந்தே பார்ப்பார். திடீரென 1 கிலோ ஏறினால் உடம்பில் ஏறக்குறைய 1 லீற்றர் தண்ணீர் தங்கிவிட்டது என்று கணக்கு.

போன மாதம் நான் 56.4 என்பதை 65.4 என்று அடித்துவிட்டேன். 10 நிமிடத்தில் போன். "அக்கா, ஒரே இரவில் 9 கிலோவா?" வெட்கமாய்ப் போய்விட்டது. ஆனால் யாரோ உண்மையாகவே பார்க்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

ஆப் பார்க்காத ஒன்று உண்டு. வடிந்த பையைப் பத்திரிகை மேல் வைத்தால் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். கலங்கியிருந்தால் வயிற்றுக்குள் கிருமி தொற்றியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பையைப் படம் எடுத்து அனுப்பலாம், பார்க்கிற கண் நம்முடையதுதான்.

அம்மாவோ வாட்சைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டார். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது மட்டும் கட்டுகிறார், படிகளை எண்ணவாம்.