அமுக்குவதா, இழுப்பதா

அம்மாவுக்கு வீஸிங் வந்து ஆறு வருஷமாகிறது, இன்னும் பம்ப் (இன்ஹேலர்) அடித்தால் பாதி மருந்து நாக்கில்தான். அமுக்கிவிட்டு ஒரு நொடி கழித்து இழுப்பார், சில நாள் இழுத்து முடித்தபிறகு அமுக்குவார். பம்பில் மாட்டி, அமுக்கிய மருந்தைப் பிடித்துவைத்து நிதானமாக இழுக்க உதவும் ஸ்பேசர் என்ற குடுவையை வாங்கிக் கொடுத்தேன். “கோயிலுக்குப் போறப்பவும் இந்தக் குடுவையைத் தூக்கிட்டுப் போகணுமாடா?” என்றார். அது இப்போது பீரோ மேல்.

1956ல் முதல் பம்ப் வந்த நாளிலிருந்தே இருக்கிற தொல்லை இது. கையும் மூச்சும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். சரி, மூச்சே அமுக்கிக்கொண்டால்? ஆட்டோஹேலர் அப்படித்தான்: உள்ளே ஒரு சின்னத் தகடு, நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் வேகத்தில் காற்றை இழுத்தால் நகர்ந்து ஸ்பிரிங்கை விடுவிக்கும், பேட்டரியே கிடையாது. சரியாக அமுக்கி இழுக்கத் தெரியாதவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 1991ல் தோராக்ஸ் இதழில் வந்தது. நுரையீரலுக்குப் போன மருந்து 7 சதவீதத்திலிருந்து 21 அளவுக்கு ஏறியிருந்தது. இவ்வளவு நன்றாக வேலை செய்யும் ஒரு தகட்டைக் கழற்றிவிட்டு அங்கே மூச்சை அளக்கும் சென்சாரும் சிப்பும் வைப்பானேன் என்று சர்க்யூட் வேலை பார்க்கிற எனக்கே முதலில் தோன்றியது.

ஆனால் தகட்டுக்கு ஒன்றுதான் தெரியும், காற்று வேகம் எல்லையைத் தாண்டியதா இல்லையா என்று. சென்சாருக்கு மூச்சின் வடிவமே தெரியும். வெப்பத்தை வைத்துக் காற்றோட்டத்தை அளக்கும் சென்சாரில் நடுவே ஒரு நுண்ணிய ஹீட்டர், இரண்டு பக்கமும் வெப்பமானி. காற்று ஓடினால் அது போகிற பக்கம் சூடாகும், அதனால் இழுக்கிறாரா ஊதுகிறாரா என்பதும் தெரிந்துவிடும் (பம்புக்குள் ஊதுகிறவர்கள் நிறையப் பேர்). 1990களில் அரடைம் கம்பெனி செய்த ஸ்மார்ட்மிஸ்ட், வேகம், அதுவரை உள்ளே போன காற்றின் அளவு இரண்டும் சரியாக இருந்தால்தான் மருந்தை விடும். ஐ-நெப் என்ற நெபுலைசர் (மருந்தை நுண்துளிகளாக்கித் தரும் கருவி) இன்னும் கெட்டிக்காரத்தனம்: முந்தைய மூன்று மூச்சுகளைப் பார்த்துவிட்டு, அடுத்த மூச்சில் இழுக்கும் நேரத்தின் முற்பகுதியில் மட்டும் மருந்து, வெளியே விடும்போது எதுவும் வீணாகாது.

போன மாதம் நானும் மேஜையில் ஒரு குழாய், காற்று ஓடுவதை அழுத்த வேறுபாட்டால் அறியும் ஒரு சென்சார், மருந்துக்குப் பதில் ஒரு எல்இடி என்று வைத்துப் பார்த்தேன். எல்லையைக் குறைத்தால் சீலிங் ஃபேன் காற்றுக்கே எரிகிறது. ஏற்றினால், இரவில் இழுப்பு வந்த அன்று அம்மா எவ்வளவு இழுத்தும் எரியவில்லை. நல்ல வேளை, நிஜ மருந்து பழைய பம்பில் இருந்தது. யாருக்கு மருந்து உடனே வேண்டுமோ அவரிடம்தான் மூச்சு இருக்காது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. இந்த மாதிரிக் கருவியில் சென்சாரை மீறிக் கையால் அமுக்க ஒரு பொத்தான் கட்டாயம் வேண்டும், அது இல்லாததை அம்மா கையில் கொடுக்க மாட்டேன்.

அப்புறம் எல்லையைக் குறைத்து, காற்று கொஞ்ச நேரம் விடாமல் ஒரே திசையில் ஓடினால்தான் எரிய வேண்டும் என்று மாற்றினேன். ஃபேனுக்கு எரிவது நின்றது. அம்மா குழாயை வாயில் வைத்துக்கொண்டு, “இது என்னடா நாதஸ்வரம் மாதிரி” என்று சிரித்தார். சிரிப்புக்கு நடுவே இழுத்த மூச்சுக்கு எல்இடி எரிந்துவிட்டது.