பால்கட்டு என்று சொன்னார்கள்

இரண்டாவது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, 32 வயதில், இடது மார்பின் மேற்பகுதியில் வலியே இல்லாத கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. வலங்கைமானில் மாமியார் பால்கட்டு என்று மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார். கும்பகோணத்தில் முதலில் பார்த்த மருத்துவரும் இந்த வயதில் பயம் வேண்டாம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். இளம்பெண்களுக்கு வரும் மார்புக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பது உண்மைதான். ஆனால் பரிசோதித்த பிறகல்லவா அதைச் சொல்ல வேண்டும்?

மாத்திரை முடிந்தும் கட்டி கரையாததால் தஞ்சாவூருக்குப் போனோம். இளம் வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளையாகவே தெரிவதால் மறைந்துவிடக்கூடும் என்று விளக்கிய மருத்துவர், முதலில் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொன்னார். அடுத்தது, ஊசிக் கருவியால் கட்டியிலிருந்து சிறு திசுத் துண்டுகளை எடுக்கும் ட்ரூகட் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டபின், சத்தம் கேட்டுத் திடுக்கிடக் கூடாதென்று அந்தக் கருவியை ஒருமுறை வெறுமனே ‘டக்’கென்று அழுத்திக் காட்டினார். உடைந்த சேமியாத் துண்டுகளைப் போன்ற திசுக்கள் பார்மலின் புட்டியில் மிதந்ததை நானே பார்த்தேன்.

புற்றுநோய் என்று அறிக்கை வந்தது. அதோடு சிகிச்சையைத் தொடங்கிவிடவில்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளும் ஹெர்2 என்ற புரதமும் இருக்கின்றனவா என்று அதே திசுவில் மீண்டும் பார்த்தார்கள். மூன்றும் இல்லாத ‘ட்ரிபிள் நெகட்டிவ்’ வகை என்று தெரிந்தது. வயதானவர்களைவிட இளம்பெண்களிடம் அதிகம் காணப்படும் இவ்வகை வேகமாக வளரக்கூடியது, ஹார்மோன் மாத்திரைகளுக்குக் கட்டுப்படாது, ஆனால் கீமோவுக்கு நன்றாகவே சுருங்கக்கூடியது. அதனால்தான் அறுவைக்கு முன்பே கீமோ கொடுத்தார்கள்; மருந்துக்குக் கட்டி எவ்வளவு அடங்குகிறது என்பதையும் அதில் பார்க்க முடியும். குழந்தைக்குப் பால் நிறுத்தியது எனக்கு ஊசியைவிட வலித்தது.

கீமோ சினைப்பையைப் பாதிக்கும், மாதவிலக்கு நின்றுபோகலாம் என்பதால், இன்னும் குழந்தை வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டார்கள். எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. வேண்டும் என்பவர்கள் கருமுட்டையைச் சேமித்து வைப்பது பற்றி முதல் கீமோவுக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

அறுவையும் கீமோவும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடந்தன. மரபணுப் பரிசோதனைக்குச் சொந்தப் பணம்தான். அம்மா வழியில் யாருக்கும் இந்த நோய் இல்லை என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மார்புப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ1 என்ற மரபணுவின் மாற்றம் அப்பா வழியாகவும் வரும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான், அப்பாவின் அக்கா ‘மார்புப் புண்’ணால் இளம் வயதிலேயே இறந்ததை அப்பா வாய் திறந்து சொன்னார். எனக்கு அந்த மாற்றம் இருப்பது உறுதியானது. உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதால், மயிலாடுதுறையில் இருக்கும் தங்கையும், ஆண்பிள்ளைக்கு எதற்கு என்று முதலில் மறுத்த அண்ணனும் இரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள்.