கோட்டும் ஜிப்பும் கோழிக்குஞ்சும்

ஜனவரி முதல் வாரத்தில் லண்டனில் சூரியன் காலை 8 மணிக்குப் பிறகுதான் தலைகாட்டும். மாலை 4 மணிக்கெல்லாம் மறைந்துவிடும். நாங்கள் 8:45க்குப் பள்ளிக் கதவைத் திறக்கும்போது வாசலில் மூச்சு ஆவியாகப் பறக்க, மூக்கு சிவந்த குழந்தைகள் வரிசையாக நிற்பார்கள். இந்தப் பருவத்துக்கு இங்கே வைத்திருக்கும் பெயர் ‘ஸ்பிரிங் டேர்ம்’. வசந்தகாலப் பருவமாம். வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

இங்கிலாந்துப் பள்ளி ஆண்டுக்கு மூன்று பருவங்கள். செப்டம்பரில் தொடங்குவது இலையுதிர்காலம், ஜனவரியிலிருந்து ஈஸ்டர் வரை வசந்தம், அப்புறம் ஜூலை வரை கோடை. வசந்தத்தின் நடுவே, பிப்ரவரியில் ஒரு வாரம் ‘ஹாஃப் டேர்ம்’ விடுமுறை. ஈஸ்டர் ஒவ்வோர் ஆண்டும் இடம் மாறும்; 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20. அதனால் இந்தப் பருவம் சில ஆண்டு சட்டென்று முடிந்துவிடும், சில ஆண்டு இழுத்துக்கொண்டே போகும்.

நான் இயர் ஒன் வகுப்பில் டீச்சிங் அசிஸ்டென்ட். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள். வேலைக்கு எடுக்கும்போது கொடுத்த தாளில் ‘கற்றலுக்குத் துணைபுரிதல்’ என்கிற மாதிரி பெரிய பெரிய வரிகள் இருந்தன. ஜனவரியில் என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் ஒரே வார்த்தைதான்: கோட்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வயது வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 குழந்தைகள் வரைதான் இருக்கலாம் என்பது சட்டம். எங்கள் வகுப்பில் சரியாக 30. காலை இடைவேளை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளையாட்டு, வீட்டுக்குக் கிளம்பும் நேரம் என்று ஒரு நாளைக்கு மூன்று முறை வெளியே போக வேண்டும். ஆக 90 ஜிப். கையுறையைச் சேர்த்தால் 180 கை. அதிலும் விரல் விரலாகப் பிரிந்த கையுறை வாங்கிக் கொடுக்கும் பெற்றோரை நினைத்து நான் மனதுக்குள் சொல்லும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஐந்து வயது விரல்கள் ஐந்தும் அதனதன் அறைக்குள் போய்ச் சேர்வதற்குள் இடைவேளை மணி அடித்துவிடும். இடைவேளையே 15 நிமிடம்தான்.

முதல் ஆண்டு நான் இதில் புலியாக இருந்தேன். முட்டி போட்டு உட்கார்ந்து, வரிசையில் வருகிறவர்களுக்கு டர்ர், டர்ர் என்று இழுத்துவிட்டு, நாலு நிமிடத்தில் மொத்த வகுப்பையும் வெளியே அனுப்பிவிடுவேன். எனக்கே என்னை நினைத்தால் பெருமையாக இருக்கும். ஒருநாள் மாலை, வகுப்பு ஆசிரியை ரொம்ப மென்மையாகக் கேட்டார்: “நீங்கள் லீவு எடுத்தால் இவர்கள் என்ன செய்வார்கள்?”

சுருக்கென்றது. ஊட்டி வளர்த்த கை இது. ஒரு குழந்தை சட்டையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எனக்குக் கல்நெஞ்சுக்காரர்கள் செய்கிற காரியமாகத் தோன்றியது. இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்கு ஜுரம், லீவு. திரும்பி வந்தபோது சொன்னார்கள்: அன்று எங்கள் வகுப்பு இடைவேளைக்கு வெளியே வந்து சேர்ந்தபோது மற்ற வகுப்புகள் உள்ளே போய்க்கொண்டிருந்தனவாம்.

சரி என்று மாறினேன். கோட்டைத் தரையில் விரித்து, தொப்பி கால்பக்கம் இருக்கும்படி நின்று, இரண்டு கைகளையும் நுழைத்து, தலைக்கு மேலே ஒரே சுழற்று. கோட்டு தானாக முதுகில் வந்து உட்காரும். இந்த வித்தையை இங்கே நர்சரியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். நான் அதை என் நாற்பது வயதில் கற்றேன். ஜிப்புதான் கஷ்டம். கீழே அந்த முனையை அதன் கூட்டுக்குள் செருகி, ஒரு கையால் அடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுக்க வேண்டும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேறு வேறு வேலை செய்ய வேண்டும் என்பது அந்த வயதுக்குச் சாதாரண விஷயமில்லை. நான் அடியை மட்டும் பிடிப்பேன், இழுப்பது அவர்கள். பிப்ரவரியில் அதையும் விட்டுவிடுவேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் ஏதோ தலைமையாசிரியை மாதிரி தெரிந்திருக்கும். கை தானாக ஜிப்பை நோக்கிப் போய்விடக் கூடாதே என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

கடந்த ஆண்டு ஒரு சிறுமி. ஊதா நிறக் கோட்டு. ஜனவரி முழுக்க அவள்தான் கடைசி. அழ மாட்டாள், உதவி கேட்கவும் மாட்டாள். குனிந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, செருகுவாள், வழுக்கும். மறுபடி செருகுவாள். எல்லோரும் ஓடியபின், கோட்டு மாட்டும் கொக்கிகள் இருக்கும் நடைவழியில் அவளும் நானும் மட்டும் நிற்போம். ஆறேழு நிமிடம் கழித்து, “திறந்தே போகட்டுமா மிஸ்?” என்று கேட்பாள். போ என்பேன். நெஞ்சைத் திறந்து போட்டுக்கொண்டு அந்தக் குளிரில் ஓடுவாள். கையைப் பின்னால் கட்டியதற்காக என்னையே நான் திட்டிக்கொண்ட நாட்கள் அவை.

மழை பெய்தால் இந்தப் பாடெல்லாம் இல்லை; எல்லோரும் உள்ளேயே விளையாடலாம். அதற்கு ‘வெட் பிளே’ என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதை உற்சாகமாக அறிவித்தபோது ஒரு பையன் கை தூக்கி, “மிருக டாக்டர் வரப்போகிறாரா மிஸ்?” என்று கேட்டான். நனைந்ததைச் சொல்லும் ‘வெட்’டுக்கு உதட்டைக் குவிக்க வேண்டும், கால்நடை மருத்துவரைச் சொல்லும் ‘வெட்’டுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். நம் ‘வ’ இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. அந்தப் பையன் பிறகு பல நாள் எனக்கு உதட்டைக் குவித்துக் காட்டிப் பாடம் நடத்தினான். ஆங்கிலம் எழுதப் படிக்க எனக்கு நன்றாகத்தான் வரும். இருந்தாலும் அவன் சொல்லிக்கொடுத்தது வேறு எங்கும் கிடைத்திருக்காது.

ஆனால் ஃபோனிக்ஸ் என்று வந்தபோது நம் மொழி எனக்குக் கைகொடுத்தது. எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியை மட்டும் சொல்லிப் படிக்கப் பழக்கும் முறை அது. பயிற்சியில் திரும்பத் திரும்ப எச்சரித்த விஷயம்: ‘ம’ என்று சொல்லாதீர்கள், ‘ம்’ என்று மட்டும் சொல்லுங்கள். பின்னால் ஓர் ‘அ’ ஒட்டிக்கொண்டால் குழந்தையால் ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்க முடியாது. என்னோடு பயிற்சிக்கு வந்தவர்கள் இதற்குத் திணறினார்கள். எனக்கு இதில் என்ன கஷ்டம் என்றே புரியவில்லை. மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி. புள்ளி வைத்தால் உயிர் போச்சு. இதைத்தானே நாம் முதல் வகுப்பில் படித்தோம்?

இயர் ஒன்னுக்கு ஜூன் மாதம் ஒரு ஃபோனிக்ஸ் சோதனை உண்டு. 2012இலிருந்து நடக்கிறது. ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து 40 சொற்களை வாசிக்க வேண்டும். 20 உண்மையான சொற்கள், 20 அர்த்தமே இல்லாத சொற்கள். அர்த்தமில்லாதவற்றுக்குப் பக்கத்தில் ஒரு வேற்றுக்கிரக ஜந்துவின் படம் இருக்கும், அது அந்த ஜந்துவின் பெயராம். மனப்பாடமாகச் சொல்கிறார்களா, எழுத்தைப் பார்த்துச் சொல்கிறார்களா என்று பிரித்துப் பார்க்க இந்த ஏற்பாடு. சோதனை கோடையில் என்றாலும் உழைப்பு வசந்தத்தில்தான். ‘பின்’ என்ற சொல்லின் கடைசியில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து வந்து உட்கார்ந்தால் அது ‘பைன்’ ஆகிவிடும் என்பதை பிப்ரவரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்போம்.

இதில் வேடிக்கை, நன்றாக வாசிக்கிற பிள்ளைகள்தான் சில சமயம் சறுக்குவார்கள். ‘ஸ்ட்ரோம்’ என்று எழுதியிருந்தால், பாவம் யாரோ தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று இரக்கப்பட்டு ‘ஸ்டார்ம்’ என்று திருத்தி வாசிப்பார்கள். எனக்கு இந்தச் சோதனை மேல் பெரிய மரியாதை கிடையாது. புத்திசாலித்தனத்துக்குத் தண்டனை தரும் பரீட்சை என்றுதான் தோன்றும். அதே சமயம், மெதுவாகப் படிக்கிற குழந்தை அந்தப் பொய்ச் சொல்லை ஒவ்வோர் ஒலியாகத் தடவித் தடவிச் சரியாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்காக வாயை மூடிக்கொள்வேன்.

வாயை மூடிக்கொள்வது இதில் நிஜமாகவே பாதி வேலை. குழந்தை ‘ஸ்… ட்… ஆ…’ என்று நிறுத்தும். சொல் நமக்குத் தெரியும், நாக்கு நுனியில் துடிக்கும். சொல்லிவிடக் கூடாது. மனதுக்குள் பத்து எண்ணுவேன். ஏழு, எட்டில் பெரும்பாலும் வந்துவிடும்.

மார்ச் முதல் வியாழன் இங்கே உலகப் புத்தக நாள். யுனெஸ்கோவின் புத்தக நாள் ஏப்ரல் 23. அது இங்கே ஈஸ்டர் விடுமுறையோடு மோதும் என்பதால் முன்னால் நகர்த்திக்கொண்டார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் 1 பவுண்டு டோக்கன் கிடைக்கும், அதைக் கடையில் கொடுத்து ஒரு சின்னப் புத்தகம் வாங்கிக்கொள்ளலாம். நல்ல விஷயம். அன்றைக்குப் புத்தகத்தில் வரும் பாத்திரமாக வேடமிட்டு வருவதும் வழக்கம். இது நல்ல விஷயமா என்று எனக்கு இன்னும் சந்தேகம். முந்தின இரவு 11 மணிக்கு எந்த வீட்டில் அம்மா பசையும் கையுமாக உட்கார்ந்திருந்தார், எந்த வீட்டில் ஆன்லைனில் வாங்கினார்கள், எந்த வீட்டில் மறந்தே போனார்கள் என்பது காலை 8:45க்கு வாசலில் பளிச்சென்று தெரிந்துவிடும். மறந்த வீட்டுப் பிள்ளைகளுக்காக என் அலமாரியில் இரண்டு பழைய போர்வையும் ஒரு அட்டைக் கிரீடமும் எப்போதும் இருக்கும். சென்ற முறை ஒரு பையன் சாதாரண உடையில், நெற்றியில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிக்கொண்டு வந்தான். அதில் அவனே எழுதியிருந்தது ‘பக்கம் 7’. அத்தனை அட்டகாசமான வேடங்களுக்கு நடுவே ஆசிரியர்கள் அறையில் அன்று முழுக்கப் பேச்சு அவனைப் பற்றித்தான்.

பான்கேக் நாள், அன்னையர் ஞாயிறுக்கு அட்டை செய்வது, பெற்றோர் சந்திப்பு எல்லாம் இந்தப் பருவத்தில் அடுத்தடுத்து வரும். தலைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிய சந்திப்பில் அந்த ஜந்துச் சொற்களைப் பெற்றோருக்கு விளக்கவே ஐந்து நிமிடம் போய்விடும்.

அப்புறம் முட்டைகள். மார்ச் நடுவில் ஒரு திங்கட்கிழமை, அடைகாக்கும் பெட்டியோடு பத்து முட்டைகள் வந்து இறங்கின. கோழி முட்டை பொரிய 21 நாள்; கடைசி இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் பள்ளிக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு. ஆர்.எஸ்.பி.சி.ஏ. போன்ற விலங்குநல அமைப்புகள் இதை ஆதரிப்பதில்லை. குஞ்சுகள் பிறகு என்ன ஆகின்றன என்று நினைத்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று எனக்கும் படுகிறது. ஆனால் பெட்டி வந்து இறங்கியபின் வகுப்பில் யாரும் வேறு எதையும் நினைக்கவில்லை, நான் உட்பட.

செவ்வாய் மதியம் ஒரு முட்டையில் நட்சத்திரம் மாதிரி சின்ன விரிசல். அலகின் நுனியில் இருக்கும் முட்டைப்பல்லால் குஞ்சு உள்ளிருந்து தட்டுகிறது. அவ்வளவுதான், கணக்குப் பாடம் காலி. 30 தலைகள் கண்ணாடியைச் சுற்றி. அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு துணுக்கு ஓடு விலகியது. மறுபடி ஒன்றுமில்லை.

“மாட்டிக்கிச்சு மிஸ், நீங்க உடைச்சு விடுங்க” என்கிற தொனியில் ஒருவன் கெஞ்சினான். பெட்டியோடு வந்த குறிப்பில் முதல் விதியே அதுதான்: உதவாதீர்கள். முதல் விரிசலிலிருந்து வெளியே வர 12 மணி நேரம், 24 மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்தில்தான் மீதி மஞ்சள் கரு அதன் வயிற்றுக்குள் இழுபடுகிறது, ஓட்டின் உள்பக்க ரத்தநாளங்கள் வற்றுகின்றன. அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசிந்து செத்தும் போகலாம். இதை ஐந்து வயதுக்குப் புரிகிற மாதிரி சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் ஊதாக் கோட்டுக்காரி பின்னாலிருந்து சொன்னாள்: “அது செஞ்சுகிட்டிருக்கு. நீங்க எல்லாரும் சும்மா இருங்க.”

ஆங்கிலத்தில்தான் சொன்னாள். எனக்கு என்னவோ தமிழில்தான் கேட்டது.

புதன் காலை நாங்கள் வரும்போது மூன்று குஞ்சுகள் ஈரமாக, அசிங்கமாக, பெட்டியில் கவிழ்ந்து கிடந்தன. மாலைக்குள் உலர்ந்து மஞ்சள் பஞ்சாகிவிட்டன. பத்தில் எட்டு பொரிந்தன. பொரியாத இரண்டைப் பற்றி குழந்தைகள் கேட்ட கேள்விகளுக்கு ஆசிரியை நேராகவே பதில் சொன்னார்.

மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போனது. அடுத்த வெள்ளி பருவத்தின் கடைசி நாள். குஞ்சுகள் போய்விட்டன. மைதானத்து ஓரத்தில் டாஃபடில் பூக்கள் பாதி வாடி நின்றன. 3:15க்கு நல்ல வெயில். குழந்தைகள் கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டும் தலையில் போட்டுக்கொண்டும் தரையில் இழுத்துக்கொண்டும் ஓடினார்கள். அடுத்த பருவத்தில் இந்த 90 ஜிப்புக்கு வேலையே இருக்காது.

அவள் ஒருத்தி மட்டும் அந்தக் கொக்கிகள் இருக்கும் நடைவழியிலிருந்து நிதானமாக வந்தாள். ஊதாக் கோட்டு, தாடை வரை இழுத்து மூடிய ஜிப். முகமெல்லாம் சிவந்து நெற்றியில் வேர்வை. வாசலில் நின்ற அம்மா, “இந்த வெயிலில் எதற்கு இது?” என்று சிரித்துக்கொண்டே கழற்றிவிடக் கை நீட்டினார். அவள் ஓரடி பின்னால் நகர்ந்து, இரண்டு கையாலும் ஜிப்பைப் பொத்திக்கொண்டாள்.