மஞ்சளைக் கழுவிவிட்டு போட்டோ எடுங்கள்

போன மாதம் சின்னவனுக்கு மணிக்கட்டிலும் விரலிடுக்கிலும் பொரிப்பொரியாக வந்தது. மாமியார் வேர்க்குரு என்றார், பக்கத்து வீட்டு அக்கா அம்மை என்றார். தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போய்க் காட்டி வருவதற்குள் ஒரு நாள் போய்விடும், வீட்டுக்காரரும் கடலுக்குப் போயிருந்தார். சரி என்று, ஏற்கெனவே காட்டியிருந்த தோல் டாக்டரம்மாவுக்கு வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினேன்.

"மேல என்னம்மா மஞ்சளா இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியிருந்தோம். ராத்திரி பிளாஷ் போட்டு எடுத்தது வேறு.

மறுநாள் காலையில் கையைக் கழுவித் துடைத்து, வெயில் நேராகப் படாத திண்ணையில் உட்கார வைத்தேன். கை முழுக்கத் தெரிய ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் காசை வைத்துக் கிட்டத்தில் ஒன்று என்று சொல்லியிருந்தார். அவன் கையை ஆட்டிக்கொண்டே இருந்ததில் பன்னிரண்டு எடுத்து மூன்றுதான் தேறியது. அதில் ஒன்றில், விரலிடுக்கில் நூல் மாதிரி ஒரு கோடு. நான் நகக்கீறல் என்று நினைத்தேன், அது பூச்சி தோலுக்குள் போன தடமாம்.

அப்புறம் கேள்விகள். ராத்திரியில் அரிப்பு கூடுகிறதா, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது? இரண்டுக்கும் ஆமாம்தான், மாமியாரே ஒரு வாரமாக இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தார். மெடிக்கலில் வாங்கித் தடவிய ட்யூபையும் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அதில் ஸ்டீராய்டு இருந்தது, அது நோயின் அடையாளத்தையே மறைத்துவிடுமாம், இது தெரியாமல் இரண்டு நாள் தேய்த்திருக்கிறேன்.

சொறி சிரங்கு. பெர்மெத்ரின் கிரீமை அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை, துணியும் போர்வையும் வெந்நீரில்.

போட்டோவை நம்பலாமா என்று தேடியதில், 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று கிடைத்தது. 40 குழந்தைகளைப் பெற்றோரே போனில் எடுத்த படத்தை வைத்துச் சொன்ன நோயும் நேரில் பார்த்துச் சொன்ன நோயும் 83 சதவீதம் ஒத்துப்போயிருக்கின்றன. படம் தெளிவாக இருந்த 37 பேரில் 89 சதவீதம்.

நம் பிள்ளைகள் நிறத்துக்குத் தடிப்பு சிவப்பாகத் தெரியாது, கருஞ்சிவப்பாகவோ சாம்பலாகவோதான் தெரியும், சிவக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். மறைவிடத்துப் படத்தைக் குடும்ப குரூப்பில் போடவே போடாதீர்கள், டாக்டருக்கு மட்டும் போகட்டும்.

காய்ச்சலோடு ஊதா நிறப் புள்ளிகள் வந்து, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையவில்லை என்றால், போட்டோ எடுத்துக்கொண்டு இருக்காமல் உடனே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.